சத்தியப் பிரகாசம்: கர்சன்தாஸ் மூல்ஜியின் எழுத்தும் வழக்கும்

1862ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், சனிக்கிழமை. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் அப்போலோத் தெருவிலிருந்த சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மானநஷ்ட வழக்கின் விசாரணை தொடங்கிற்று. இன்று நாம் உச்ச நீதிமன்றம் என்று சொல்வது வேறு. அந்நாளில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று இராசதானி நகரங்களிலும் சுப்ரீம் கோர்ட்டு என்ற பெயரில் நீதிமன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றே இது. வாதி, சூரத்திலிருந்து வந்திருந்த ஜதுநாத்ஜி பிரிஜரத்தன்ஜி மகாராஜ், வல்லபாசாரியாரின் வழித்தோன்றல், பல்லாயிரம் வைணவர்கள் கண்ணனின் வடிவமாகவே கருதி வணங்கிய குரு. பிரதிவாதிகள் இருவர். ஒருவர் கர்சன்தாஸ் மூல்ஜி என்னும் பத்திரிகையாசிரியர். முப்பது வயது நிரம்பாதவர். மற்றவர் அப்பத்திரிகையை அச்சிட்ட யூனியன் அச்சகத்தைச் சேர்ந்த நானாபாய் ருஸ்தம்ஜி ராணினா என்ற பார்சி. கேட்கப்பட்ட நஷ்டஈடு ரூ. 50,000. அக்காலத்தில் அது ஒரு பெருவணிகரையே நிலைகுலையச் செய்யக்கூடிய தொகை. பள்ளியாசிரியராகவும் பத்திரிகாசிரியராகவும் பிழைத்த ஒருவருக்கோ எண்ணிப் பார்க்கவும் இயலாதது.

இவ்வழக்கு மூண்ட விதத்தை அறிய வேண்டுமாயின், அன்றைய பம்பாயை ஒருவாறு மனக்கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கத்தியவார், கச்சு, குஜராத்து ஆகிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய கபோல் வணிகர், பாட்டியாக்கள், லோகாணாக்கள் முதலியோர் அந்நகரின் பருத்தி வாணிபத்திலும் துணி வாணிபத்திலும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வல்லபாசாரியார் வகுத்த புஷ்டி மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். வல்லபர் (1479-1531) தெலுங்கு அந்தணர் குடியிற் பிறந்தவர். விஜயநகர அரசவையில் வாதில் வென்று பொன்னால் நீராட்டப் பெற்றார் என்று அவருடைய மரபினர் கூறுவர். தென்னாட்டுக் குடியிற் பிறந்த ஒருவர் மேற்கிந்திய வணிகர்களின் உள்ளத்தை இத்துணை ஆழமாகப் பற்றிக்கொண்டது நம் சமய வரலாற்றிலுள்ள வியப்புகளுள் ஒன்று. 'புஷ்டி' என்பது இங்கே இறைவனின் அருள். துறவும் தவமும் வேண்டா, இல்லறத்திலிருந்தபடியே உள்ள அனைத்தையும் கண்ணனுக்கு அர்ப்பணித்து, அவன் திருப்பிரசாதமாகவே அவற்றை நுகர்க என்பது அந்நெறியின் சாரம். பொருள் தேடுவதையே வாழ்வாகக் கொண்ட வணிகர்களுக்கு இதைவிட இணக்கமான நெறி வேறு எது?

வல்லபரின் மைந்தர் விட்டலநாதருக்கு ஆண்மக்கள் எழுவர். அவ்வெழுவர் வழியில் ஏழு பீடங்கள் தோன்றின. ஆசாரியர்களும் இல்லறத்தார்களே, ஆகவே குருபீடம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தைப் போலவே சென்றது. கல்வியும் ஒழுக்கமும் அவ்வாறு செல்வதில்லை. இந்தச் சிக்கல் எந்தப் பரம்பரைப் பீடத்துக்கும் உரியது. வல்லப மரபுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் பம்பாயில் பணம் பெருகப் பெருக, மகாராஜர்களுக்கு வணிகர்கள் செலுத்திய காணிக்கையும் பெருகிற்று. பருத்தி, சர்க்கரை என ஒவ்வொரு சரக்கின் விற்பனையிலும் 'லாகோ' என்ற பெயரால் ஒரு பங்கு மகாராஜர்களின் கோயில்களுக்குச் சென்றது. இது சட்டம் விதித்த வரியன்று. சாதிக் கட்டுப்பாடு விதித்தது. செலுத்த மறுப்பவன் சாதிக்குப் புறம்பாவான். பெண் கொடுக்கவோ கொள்ளவோ, இறந்தாரைச் சுமக்கவோ ஆள் கிடையாது. ஆதலின் சட்டத்தின் வரியைவிட இது தவறாமல் வசூலாயிற்று.

கர்சன்தாஸ் 1832ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் கபோல் குடியில், இதே புஷ்டி மார்க்கத்தைப் பின்பற்றிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, தாய்வழி உறவினரான ஒரு முதிய அம்மையாரின் வீட்டில் வளர்ந்தார். எல்ஃபின்ஸ்டன் கல்விச் சாலையில் ஆங்கிலம் கற்கும்போது, விதவை மறுமணத்தைப் பற்றிய கட்டுரைப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்காக அவர் எழுதி வைத்திருந்த கைப்பிரதி அவ்வம்மையாரின் கைக்கு எட்டியது. அன்றே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அச்சேறாத அந்த எழுத்துக்கு அவர் கொடுத்த விலை ஒரு வீடு. படிப்பு இடையில் நின்றது. பின்னர் கோகுல்தாஸ் தேஜ்பால் அறச்சாலைப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது.

தாதாபாய் நவுரோஜி 1851இல் தொடங்கிய 'ராஸ்த் கோஃப்தார்' பத்திரிகையில் கர்சன்தாஸ் எழுதிப் பழகினார். அது பார்சிகளின் பத்திரிகை. இந்துக்களிடையே உள்ள குறைகளை இந்து ஒருவரே, இந்துக்களின் பத்திரிகையிலே எழுத வேண்டுமென்று கருதி, 1855இல் 'சத்யப்ரகாஷ்' என்ற குஜராத்தி வார இதழைத் தொடங்கினார். திருமணச் செலவு, பெண் கல்வி, கடற்பயணத் தடை என்று தொடங்கிய அவ்விதழ், விரைவிலேயே மகாராஜர்களின் கோயில்களை நோக்கித் திரும்பிற்று.

மகாராஜர்களை நீதிமன்றத்துக்குச் சாட்சியாகவோ வழக்காளியாகவோ அழைக்கலாமா என்பதே முதற் பூசல். ஐரோப்பியருக்குக் கீழான இருக்கையில் குரு அமர்வது தகாது என்பது அடியார்களின் கருத்து. 1859ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜீவன்லால்ஜி மகாராஜின் சார்பில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மகாராஜர்களுக்கு நீதிமன்ற வருகையிலிருந்து விலக்குப் பெற முயல்வது, அவர்களை எதிர்த்து எழுதுவோரைச் சாதியினின்றும் விலக்குவது ஆகியவை அதன் சாரம். கையெழுத்திடத் தயங்கியவர்களை இணங்கவைக்கக் கோயிற் கதவு அடைக்கப்பட்டது. தரிசனம் செய்தன்றி உணவு கொள்ளாத நோன்புடையவர்கள் அவர்கள். பசித்த வயிற்றோடு எத்தனை நாள் இருப்பார்கள்? கையெழுத்திட்டனர். கர்சன்தாஸ் அந்த ஓலைக்கு 'குலாமீகத்' என்று பெயரிட்டார். 'அடிமைச் சீட்டு' என்று நாம் சொல்லலாம். பெயர் நிலைத்துவிட்டது. பத்திரிகைத் தொழிலில் சில வேளை நீண்ட கட்டுரையைவிடப் பொருத்தமான ஒரு பெயர் வலிமையுடையதாகிறது.

1860ஆம் ஆண்டின் நடுவில் ஜதுநாத்ஜி பம்பாய்க்கு வந்தபோது சீர்திருத்தக்காரர்கள் அவரை ஓரளவு மகிழ்வோடே வரவேற்றனர். பெண் கல்விக்கு ஆதரவானவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. ஆனால் ஆகஸ்டு மாதத்தில் கவிஞர் நர்மதாசங்கருக்கும் அவருக்கும் விதவை மறுமணத்தைப் பற்றி வாதம் நிகழ்ந்து, மனக்கசப்பிலே முடிந்தது. அதன்பின் ஜதுநாத்ஜி தாமே ஓர் இதழைத் தொடங்கிச் சுதர்மத்தைப் பரப்பவும் ஐயங்களை அறுக்கவும் முற்பட்டார். நெறிகள் பலவாயினும் அனைத்தும் மெய்யே என்று அதில் எழுதினார். ஒன்றுக்கொன்று மாறுபட்ட நெறிகள் யாவும் எப்படி மெய்யாகும் என்று கர்சன்தாஸ் கேட்டார். அக்கேள்வியிலிருந்தே 1860 அக்டோபர் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இதழில் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது: 'ஹிந்துஓனோ அசல் தரம் அனே அத்யார்னா பாகண்டீ மதோ'.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தலைப்பைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. 'அசல்' என்ற சொல் நமக்கும் உரியதே. பத்திரப் பதிவு அலுவலகங்களில் அசலும் நகலும் அன்றாடம் புழங்குகின்றன. கர்சன்தாஸ் அச்சொல்லால் இந்துக்களின் முதல் நெறி இது, பின்வந்தவை கலப்படம் என்று சுட்டினார். 'பாகண்டீ' என்பது 'பாஷண்டி' என நம் பழைய சமயநூல்களிலும் வழங்குவது. புறச்சமயத்தான் என்பது அதன் மூலப்பொருள். ஆனால் குஜராத்தி, இந்தி முதலிய மொழிகளின் அன்றாட வழக்கில் அது போலி, பாசாங்கு, ஊரை ஏமாற்றுதல் என்று திரிந்துவிட்டது. நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, வைதிகத்துக்கு மாறான கருத்துகள் என்னும் பொருளுடைய மென்மையான சொல்லே இடப்பட்டது. குஜராத்தியில் படித்தவன் 'பித்தலாட்டம்' என்று உணர்ந்திருப்பான். ஆங்கிலத்தில் படித்த நீதிபதி 'மாறுபட்ட கொள்கை' என்று கொண்டிருப்பார். மொழிபெயர்ப்பாளன் கையில் ஒரு வழக்கின் வெப்பநிலை ஏறவும் இறங்கவும் கூடும்.

வழக்கின் மூலமாகிய கருத்திலும் இதே இடர் உண்டு. புஷ்டி மார்க்கத்தில் அடியவன் 'பிரம்ம சம்பந்தம்' பெறும்போது 'தன், மன், தன்' மூன்றையும் அர்ப்பணிக்கிறான். முதல் 'தன்' உடல், இறுதித் 'தன்' பொருள், இடையிலுள்ளது உள்ளம். 'உடல் பொருள் ஆவி' என்று நாம் குருவிடம் ஒப்புவிக்கிறோமே, அதற்கு மிக நெருங்கியது. இவ்வாறு ஒப்புவிக்கப்படுவனவற்றுள் மனைவியும் மக்களும் அடங்குவர் என்று கோகுல்நாதர் என்ற பழைய ஆசாரியரின் உரை விரித்துரைத்தது. அது இறைவனுக்குச் செய்யும் உளம் சார்ந்த அர்ப்பணம் என்பது மரபினரின் விளக்கம். குருவே இறைவன் என்று நம்பும் இடத்தில், அந்த உளம் சார்ந்த அர்ப்பணம் உடல் சார்ந்ததாக மாறிவிட்டது என்பது கர்சன்தாஸின் குற்றச்சாட்டு. அடியார் வீட்டுப் பெண்களின் மானத்தை மகாராஜர்கள் கெடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஜதுநாத்ஜியையே முன்னிறுத்திக் கேட்டார்.

1861 மே 14ஆம் நாள் ஜதுநாத்ஜி வழக்குத் தொடுத்தார். குரு நீதிமன்றம் ஏறலாகாது என்று பாடுபட்ட மரபைச் சேர்ந்த ஒருவர் தாமாகவே அதன் படியில் ஏறியது விந்தையே.

விசாரணை தொடங்கும் முன்னரே மற்றொரு நாடகம் நிகழ்ந்தது. 1861 செப்டம்பரில் பாட்டியாக்களின் சாதிக் கூட்டம் கூடி, மகாராஜுக்கு எதிராகச் சாட்சி சொல்பவன் சாதிக்குப் புறம்பு என்று தீர்மானித்தது. சாட்சிகளே இல்லாமற் போனால் உண்மை என்று எதை மெய்ப்பிப்பது? கர்சன்தாஸ் தற்காப்போடு நில்லாமல், கூட்டத்தை நடத்திய ஒன்பது பேர் மீதும் சாட்சிகளைத் தடுக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டினார். அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தலைவர்கள் இருவருக்கும் தலைக்கு ரூ. 1,000, ஏனையோருக்கு ரூ. 500 வீதம் அபராதம். என் கருத்தில் இந்தச் சிறிய வழக்கே பெரிய வழக்கின் முடிவை உறுதி செய்தது. சாதிக் கட்டுப்பாடு என்னும் அச்சம் தளர்ந்த பின்னரே வாய்கள் திறந்தன.

கர்சன்தாஸின் வழக்கறிஞர் தாமஸ் சிஷோம் ஆன்ஸ்டி. இவர் ஹாங்காங்கில் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்து, அங்குள்ள அதிகாரிகளின் ஊழல்களை அம்பலப்படுத்தப் போய், அரசோடு மோதிப் பதவியிழந்து பம்பாய் வந்தவர். எவரோடும் ஒத்துப்போகாத கடுங்கோபி. ஆயினும் இவ்வழக்குக்கு அக்கடுங்கோபமே தேவையாயிருந்தது.

பாட்டியா வணிகர்களான மதுராதாஸ் லவ்ஜியும் லக்மிதாஸ் கிம்ஜியும் கூண்டேறித் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். கவிஞர் நர்மதாசங்கர் சாட்சி சொன்னார். ஸ்காட்லாந்துப் பாதிரியாரும் வடமொழி அறிஞருமான ஜான் வில்சன் வல்லப நூல்களின் பொருளைப் பற்றிச் சான்றுரைத்தார். ஆனால் வழக்கின் திருப்பமாக அமைந்தவை மருத்துவர்களின் சாட்சிகளே. டாக்டர் பாவு தாஜியும் டாக்டர் தீரஜ்ராம் தல்பத்ராமும், ஜதுநாத்ஜி மேகநோய்க்காகத் தம்மிடம் மருத்துவம் பெற்றார் என்று கூறினர். அத்தகைய நோய் தமக்கு இருந்ததில்லையென்று மகாராஜ் ஆணையிட்டுச் சொல்லியிருந்தார்.

பாவு தாஜியைப் பற்றி ஒரு சொல் இங்கே கூற வேண்டும். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் முதன்முதல் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர். அஜந்தாக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட வரலாற்றறிஞர். பைகுல்லாவில் உள்ள அருங்காட்சியகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் அம்பலத்தில் வெளியிடலாமா என்ற கேள்வி இன்று நமக்கு உறுத்துகிறது. அன்றைய நீதிமன்றம் அவர் வாக்கை ஏற்றது. உண்மையை நிலைநாட்ட வேறு வழி இல்லாதபோது அவர் செய்தது சரியே என்று நான் எண்ணுகிறேன். ஆனால் தயக்கமின்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

1862 ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி சர் மாத்யூ சாஸ், நீதிபதி சர் ஜோசப் ஆர்னூல்டு ஆகிய இருவரும் சட்ட நுணுக்கங்கள் சிலவற்றில் மாறுபட்டனர். ஒரு தனிமனிதரின் ஒழுக்கத்தைப் பத்திரிகையில் பெயர் குறித்துத் தாக்க ஆசிரியருக்கு உரிமை உண்டா என்பதில் சாஸ் தயங்கினார். ஆர்னூல்டோ, பத்திரிகையாளன் பொதுமக்களுக்கு ஆசான் என்றும், தன் சமூகத்தின் தீமையைச் சுட்டுவது அவன் கடமை என்றும், ஒழுக்கத்தில் பிழையானது சமயத்தின் பெயரால் சரியாகிவிடாது என்றும் கருதினார். ஆனால் எழுதப்பட்டது உண்மையா என்ற தலையாய வினாவில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை: உண்மையென மெய்ப்பிக்கப்பட்டது என்றனர். கர்சன்தாஸுக்கு வழக்குச் செலவாக ரூ. 11,500 அளிக்குமாறு ஆணையாயிற்று. அவர் செலவிட்டது அதனினும் மிகுதி. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு மறைந்து பம்பாய் உயர் நீதிமன்றம் தோன்றிற்று. அதன் முதல் தலைமை நீதிபதியும் இதே சாஸ்தான்.

இவ்வழக்கை இருளுக்கும் ஒளிக்கும் நடந்த போராக மட்டும் பார்ப்பது எளிது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் வேறு சிலவற்றையும் எடுத்துக்காட்டியுள்ளனர். இந்துக்களின் அசல் நெறி எது என்பதை ஆங்கில நீதிபதிகளும் பாதிரியார் ஒருவரும் வரையறுக்கும் நிலை ஏற்பட்டது. பழமையான வேதம் மெய், பின்வந்த பக்தி மார்க்கம் திரிபு என்ற கொள்கை கேள்வியின்றி ஏற்கப்பட்டது. பாகவதத்தின் இராசலீலை விக்டோரியா காலத்து ஒழுக்க அளவுகோலால் அளக்கப்பட்டது. தவறிழைத்த மனிதர்கள் சிலரோடு, எளிய அடியார்களின் நெறி முழுவதுமே கூண்டில் நிறுத்தப்பட்டது. இவையெல்லாம் ஏற்கத்தக்கனவே. சூர்தாசரின் பாடல்களையும் நாத்துவாரத்து ஓவியங்களையும் போற்றும் ஒரு மரபை அந்தத் தீர்ப்பைக் கொண்டு மட்டும் எடைபோடுதல் தகாது. எனினும் ஒன்றை மறத்தலாகாது: கர்சன்தாஸ் வெளியிலிருந்து கல்லெறிந்தவர் அல்லர். அவர் அந்தக் கோயிலின் வாயிலிலேயே வளர்ந்தவர். சாட்சி சொன்ன வணிகர்களும் அவ்வாறே. தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பொதுமன்றத்தில் பேசுவதைவிட அவர்களுக்குக் கொடிய தண்டனை வேறு இல்லை, அதையும் ஏற்றார்கள். ஆனால் அப்பெண்களின் குரலோ வழக்கின் ஏடுகளில் காணப்படவில்லை. அவர்களைப் பற்றியே அத்தனை வாதமும் நடந்தது. பேசியவர்கள் யாவரும் ஆடவர்.

வழக்கு முடிந்த மறு ஆண்டு, 1863இல், ஒரு வாணிப நிறுவனத்தின் சார்பாளராக அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உடல்நலம் கெட்டு விரைவிலேயே திரும்பினார். குருவையே எதிர்த்தபோது பெருங்கூட்டத்தால் அசைக்க முடியாத அவரை, கடல் கடந்த குற்றத்துக்காகச் சாதி விலக்கிற்று. 1865இல் இலண்டனில் ஆங்கில நூல் ஒன்று வெளிவந்தது: மேற்கிந்தியாவிலுள்ள மகாராஜர்கள் அல்லது வல்லபாசாரியார்களின் மதப்பிரிவு வரலாறு. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. எழுதியவர் கர்சன்தாஸ் என்பது பின்னர் யாவரும் அறிந்தது. அதில் பிரிவின் தோற்றம், நூல்கள், விழாக்கள், வணிகர்களின் சரக்குவாரியான காணிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் அடக்கம். மகாராஜைக் கண்டு வணங்க ரூ. 5, தொட்டு வணங்க ரூ. 20, பாதம் கழுவ ரூ. 35, ஊஞ்சலில் வைத்து ஆட்ட ரூ. 40 என்று ஒரு கட்டணப் பட்டியலும் அந்நூலில் உண்டு. பம்பாயின் வணிகச் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் இன்றும் அந்த நூலைத் தொடாமல் எழுதுவது அரிது. எதிர்க்கட்சிக்காரர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

1866இல் தம் பயண அனுபவத்தை 'இங்கிலாந்தில் பிரயாணம்' என்ற பொருள்படும் தலைப்பில் குஜராத்தியில் எழுதினார். 1867இல் மீண்டும் அந்நாடு சென்றார். பின்னர் அரசு அவரைக் கத்தியவாரிலுள்ள ராஜ்கோட் சமஸ்தானத்தின் நிருவாகப் பொறுப்பில் அமர்த்தியது. நாற்பத்தைந்து வயதைக் காணாமலே மறைந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை முதலில் எழுதியவர் மகீபத்ராம் ரூப்ராம் நீல்கண்ட். 1877இல் அந்நூல் வெளிவந்தது. அவரும் 1860இல் இங்கிலாந்து சென்றதற்காகச் சாதிவிலக்குப் பெற்றவரே.

2024 ஜூன் மாதத்தில் இவ்வழக்கு மற்றுமொரு முறை நீதிமன்றம் ஏறிற்று. சௌரப் ஷா 2013இல் எழுதிய குஜராத்தி நாவலைத் தழுவி, 'மகாராஜ்' என்னும் இந்தித் திரைப்படம் இணையவழி வெளியாகவிருந்தது. தம் சமய உணர்வு புண்படும் என்று புஷ்டி மார்க்கத்தைச் சேர்ந்த சிலர் குஜராத்து உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஜூன் 13ஆம் நாள் இடைக்காலத் தடை பிறந்தது. நீதிபதி படத்தைப் பார்த்தார். ஜூன் 21ஆம் நாள் தடை விலக்கப்பட்டு, அன்றே படம் வெளியாயிற்று.